பிளஸ் டூவில் பிரெஞ்சு: நெல்லைப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் ஒன் சேரும்போது மொழிப்பாடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவர்கள், சிபிஎஸ்இ பள்ளியில் 9, 10ஆம் வகுப்பில் பிரெஞ்சு படிப்பவர்கள், இவர்களின் பெற்றோர் ஆகியோருக்காக எழுதியது. பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். எழுத்துக் கூட்டிச் சொல்லும் இடங்களில் ஏ, பி, சி, ஈ என்று இங்கிலீஷ் எழுத்தின் பெயரையே சொல்லியிருக்கிறோம். அங்கே 'டி' என்று வருவதெல்லாம் இங்கிலீஷின் இருபதாவது எழுத்து.

பிரெஞ்சு எடுத்தா மார்க்கு அள்ளலாம்னு எல்லாரும் சொல்லுதாங்க. நெசமா?

மார்க் வரும். கேள்விகள் தொடக்க நிலையில்தான் இருக்கும். இலக்கணத்துக்கு விடை ஒன்றே. சரியாக எழுதினால் குறைக்க வழியில்லை. ஆனால் "ஈசி" என்று நம்பி ஜூன், ஜூலை இரண்டு மாதத்தையும் கோட்டை விடுகிறவர்கள் பிறகு எழுந்திருக்கச் சிரமப்படுகிறார்கள்.

காரணம் இதுதான். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 வந்தபின் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். அதனால் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைக்குப் பெரும்பாலும் பிளஸ் ஒன்னில்தான் பிரெஞ்சு அறிமுகம். இயற்பியலும் வேதியியலும் கணக்கும் ஒரேயடியாகப் பெரிதாகும் அதே ஜூனில், ஒரு புது மொழியை முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் 8 வாரத்தில் நடத்தும் ஆர்ட்டிகிள் (இங்கிலீஷின் 'எ', 'தி' போலப் பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல்), 'இரு', 'வைத்திரு' வினைகள், எதிர்மறை, இவற்றின் மேல்தான் மீதி இரண்டு வருடமும் நிற்கிறது. அந்த அடித்தளம் ஆடினால் டிசம்பரில் டியூஷன் வைத்தும் பெரிதாகப் பலன் இருக்காது.

இன்ஜினியரிங் கட்-ஆஃபில் பிரெஞ்சு மார்க் சேராதே. அதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது?

சேராது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கட்-ஆஃப். ஆனால் பிளஸ் டூ மொத்தம் 600இல் மொழிப்பாடத்துக்கும் 100 உண்டு (எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10). அதில் 35 எடுக்காவிட்டால் கணக்கில் 100 வாங்கியிருந்தாலும் மார்க் ஷீட்டில் தேர்ச்சி வராது.

அதனால் நேரத்தைக் கூட்ட வேண்டாம், பிரித்து வையுங்கள். ஒரு நாளைக்கு 25 நிமிடம், வாரத்துக்கு 6 நாள். அதற்கு மேல் வேண்டாம், கீழேயும் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம் மொத்தமாக உட்கார்வதும் கணக்குக்கு அதே 150 நிமிடம்தான். ஆனால் திங்கள் படித்த வினை புதன்கிழமை மறக்கத் தொடங்கும்போது திரும்ப எழுதினால்தான் கையில் நிற்கும். ஞாயிறு வரை விட்டால் புதிதாகத் தொடங்குவது போலாகிவிடும்.

அந்த 25 நிமிடத்தில் என்ன செய்ய?

முதல் 8 நிமிடம் பழைய பாடம். முந்தின நாள் எழுதிய வினையையும் 5 சொற்களையும் பார்க்காமல் எழுதி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, பிழையைச் சிவப்பில் திருத்துங்கள். அடுத்த 12 நிமிடம் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம். கடைசி 5 நிமிடம் பாடத்தின் ஒரு பத்தியை வாய்விட்டு வாசியுங்கள்.

வீட்டுப்பாடம் 12 நிமிடத்தில் முடியாவிட்டால் அங்கேயே பென்சிலில் ஒரு கோடு போட்டு நிறுத்திவிட்டு, மீதியை மறுநாள் காலையில் செய்யலாம். ராத்திரி 11 மணிக்கு நண்பனின் நோட்டைப் பார்த்து நிரப்பிய பயிற்சியால் டீச்சரின் கையெழுத்து கிடைக்கும், பாடம் கிடைக்காது.

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, நாங்குநேரி பக்கம் பஸ்ஸிலோ செங்கோட்டை பாசஞ்சரிலோ போகிற பிள்ளைகள் வண்டியில் எழுத வேண்டாம். ஆடுகிற வண்டியில் ஆக்சென்ட் (எழுத்தின் மேல் போடும் சாய்கோடு) எல்லாம் தவறான பக்கம் சாயும். அந்த நேரம் கேட்பதற்கு நல்லது. பாடப் பத்தியை டீச்சரிடம் வாசிக்கச் சொல்லிப் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, அதையே நாலு தடவை கேட்கலாம்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கலாமா?

முதல் இரண்டு வாரம் செய்யலாம். அதற்குப் பிறகு அதுவே கெடுக்கும்.

தமிழ் எழுத்தில் 'புவாஸோன்' என்று எழுதிப் பாருங்கள். பிரெஞ்சில் அது மூன்று சொல். பி-ஓ-ஐ-எஸ்-எஸ்-ஓ-என் என்றால் மீன். அதில் ஓர் எஸ் குறைந்தால் விஷம். முதல் எழுத்து 'பந்து' என்பதில் வரும் மெல்லிய பி ஆனால், அதாவது இங்கிலீஷின் இரண்டாவது எழுத்தானால், குடிக்கும் பானம். மூன்றும் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல். அப்படி மனப்பாடம் செய்த பிள்ளை ஹோட்டல் உரையாடலில் 'நான் விஷம் சாப்பிடுகிறேன்' என்று எழுதிவிட்டு வரும்.

வினையிலும் இதே சிக்கல்தான். 'பார்ல்' என்று ஒலிக்கும் சொல் நிகழ்காலத்தில் நான்கு இடத்தில் வரும். நான் பேசுகிறேன், அவன் பேசுகிறான் இரண்டுக்கும் கடைசி எழுத்து ஈ. நீ பேசுகிறாய் என்றால் ஈ-எஸ். அவர்கள் பேசுகிறார்கள் என்றால் ஈ-என்-டி. காதுக்கு வித்தியாசமே கிடையாது, மார்க் முழுவதும் அந்த வால் எழுத்தில்தான். 'பார்லே'யும் அப்படித்தான்: ஈ-ஆர் என்று முடிந்தால் 'பேச', ஈ-இசட் என்று முடிந்தால் 'நீங்கள் பேசுகிறீர்கள்', ஆக்சென்ட் போட்ட ஈ என்றால் 'பேசின'. தேர்வு எழுத்தில் நடப்பதால் சொல்லைக் கண்ணாலும் கையாலும் படிக்க வேண்டும்.

பிரெஞ்சை இங்கிலீஷ் வழியாகத்தான் நடத்துகிறார்கள். இங்கிலீஷே தடுமாறும் பிள்ளைக்கு வருமா?

வரும். இந்தப் பக்கத்தில் முக்கியமாக நாங்கள் சொல்ல வந்ததே இதுதான்: தமிழில் யோசித்தால் பல இடங்களில் பிரெஞ்சு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது.

'எனக்கு 16 வயது' என்கிறோம். இங்கிலீஷில் 'நான் 16 வருடமாய் இருக்கிறேன்' என்ற மாதிரி வரும். அதைப் பின்பற்றி 'ஜெ ஸ்வி' ('நான் இருக்கிறேன்') என்று தொடங்கும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் தப்பு செய்யும். பிரெஞ்சில் 'ஜே ஸேஸ் ஆன்', அதாவது 'என்னிடம் 16 வருடம் உண்டு'. பசியும் தாகமும் அப்படியே. 'எனக்குப் பசி' என்ற நம் பேச்சுக்கு 'ஜே ஃபேன்' எவ்வளவு பக்கம் பாருங்கள். 'எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும்' என்பதில் 'எனக்கு' வருகிறது அல்லவா? 'லெ லீவ்ர் மெ ப்ளே' என்பதிலும் 'மெ' அந்த 'எனக்கு'தான்.

வந்தேன், வந்தாய், வந்தான், வந்தோம் என்று ஆளுக்கு ஆள் வினையின் வால் மாறுவது நமக்குப் பிறப்பிலேயே பழகியது. இங்கிலீஷில் அது ஏறக்குறைய செத்துப் போன சங்கதி. வினைமுற்று அட்டவணையை டீச்சர் போர்டில் எழுதும்போது பக்கத்திலேயே தமிழ் வாலை எழுதிக்கொண்டால் பயம் பாதி போய்விடும்.

நீ, நீங்கள் வித்தியாசமும் நம்மிடம் உண்டு: 'த்யு', 'வூ'. ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ கடிதம் எழுதச் சொன்னால் நம் பிள்ளை மரியாதையாக 'வூ' போடும். பிரெஞ்சுக் குடும்பத்தில் அப்பா, தாத்தா, ஆச்சி எல்லாரும் 'த்யு'தான். ஆசிரியர், கடைக்காரர், முன்பின் தெரியாத பெரியவர் என்றால் 'வூ'. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால் பிழை.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. நமக்கு ஆர்ட்டிகிள் கிடையாது. மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால் பெண்பாலும் கிடையாது, எல்லாம் அஃறிணை. பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வருவதும் புதுசு. நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

ஆண்பால், பெண்பால் மனசில் நிற்கவே மாட்டேங்குது. வழி இருக்கா?

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். மேசைக்கு 'தாப்ல்' என்று எழுதினால் அது அரைச் சொல்தான். 'யூன் தாப்ல்' என்று ஆர்ட்டிகிளோடு எழுதினால்தான் முழுச் சொல். நோட்டில் ஆண்பால் நீல மை, பெண்பால் சிவப்பு மை. ஆண்பாலுக்கு 'லெ', பெண்பாலுக்கு 'லா' என்ற ஆர்ட்டிகிள்கள் இரண்டும் உயிரெழுத்துக்கு முன்னால் சுருங்கி ஒரே மாதிரி ஆகிவிடுவதால், படிக்கும்போது 'அன்' (ஆண்பால்), 'யூன்' (பெண்பால்) போட்டுப் படிப்பதே நல்லது.

சொல்லின் வாலும் துப்புக் கொடுக்கும். டி-ஐ-ஓ-என் என்று முடிவது ஏறக்குறைய எப்போதும் பெண்பால். ஈ-டி-டி-ஈ என்று முடிவதும் அப்படி. எம்-ஈ-என்-டி, ஐ-எஸ்-எம்-ஈ என்று முடிபவை ஆண்பால். ஏ-ஜி-ஈ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால், ஆனால் பக்கம், கடற்கரை, படம் மூன்றுக்கும் உரிய 'பாஜ்', 'ப்ளாஜ்', 'இமாஜ்' பெண்பால். இந்த மூன்றையும் விதிவிலக்காக நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பயிற்சிகளில் அடிக்கடி வரும் சொற்கள்.

வினை அட்டவணை கடலாக இருக்கிறது. எத்தனை படித்தால் போதும்?

முதலில் 12 வினை: இரு, வைத்திரு, போ, செய், முடி ('என்னால் முடியும்' என்பதில் வருவது), விரும்பு, கடமைப்படு, வா, எடு, வை, பார், அறி. பிரெஞ்சில் எத்ர், அவ்வார், அலே, ஃபேர், பூவ்வார், வூல்வார், தெவ்வார், வெனீர், ப்ரான்த்ர், மெத்ர், வ்வார், ஸவ்வார். ஒரு காலத்துக்கு ஆறு வடிவம் வீதம் நான்கு காலத்துக்கும் கணக்குப் போட்டால் 288 வரும். அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் மலைக்கிறார்கள். உண்மையான சுமை அவ்வளவு இல்லை.

நிகழ்காலம் 72 வடிவம். இதைத் தப்பிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு வினை என்றால் 12 நாள். 'அம்பார்ஃபே' என்ற தொடர் இறந்தகாலத்துக்குத் தனியாகப் படிக்க ஒன்றுமில்லை. நிகழ்காலத்தில் 'நூ'வோடு ('நாங்கள்') வரும் வடிவத்தில் கடைசி ஓ-என்-எஸ்ஸை வெட்டிவிட்டு வால் சேர்க்க வேண்டியதுதான். 'எத்ர்' ஒன்று மட்டும் விதிவிலக்கு. எதிர்காலத்துக்கு 12 அடிச்சொல். அதற்கான வால் ஏ-ஐ, ஏ-எஸ், ஏ, ஓ-என்-எஸ், ஈ-இசட், ஓ-என்-டி. முடிந்துபோன செயலைச் சொல்லும் இறந்தகாலமான 'பாஸே கொம்போஸே'வுக்கு ஒரு வினைக்கு ஓர் எச்சம் வீதம் 12. கூட்டினால் 72, 12, 12, அந்த விதிவிலக்கு 1: மொத்தம் 97. ஒரு பருவத்துக்குள் முடிகிற வேலை.

'பாஸே கொம்போஸே'வில் எப்போதும் மார்க் போகிறது. எங்கே தப்பு நடக்கிறது?

மூன்று இடத்தில். முதலாவது, துணைவினை. பெரும்பாலானவை 'அவ்வார்' எடுக்கும். போ–வா, ஏறு–இறங்கு, நுழை–வெளியேறு, வந்துசேர்–புறப்படு, பிற–இற, தங்கு, விழு, திரும்பு முதலிய இடப்பெயர்ச்சி வினைகளும், 'எழுந்துகொள்', 'குளித்துக்கொள்' போன்ற தற்சுட்டு வினைகளும் 'எத்ர்' எடுக்கும். ஜோடி ஜோடியாகப் படித்தால் மறக்காது. ஆனால் 'நட', 'ஓடு' இரண்டும் அசைவு என்றாலும் 'அவ்வார்'தான். நிறையப் பேர் வழுக்குவது இங்கே.

இரண்டாவது, ஒத்துப்போதல். 'மாலா தென்காசி போனாள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: 'மாலா எ(த்) அலே ஆ தென்காசி'. 'எத்ர்' வந்துவிட்டதால் எச்சம் மாலாவோடு ஒத்துப்போக வேண்டும். ஏ-எல்-எல், ஆக்சென்ட் போட்ட ஈ, அதற்குப் பின் இன்னொரு வெறும் ஈ. மாலாவும் அவள் தங்கையும் போனார்கள் என்றால் கடைசியில் எஸ்ஸும் சேரும். போனது முருகன் என்றால் அந்தக் கூடுதல் ஈ கிடையாது. மூன்றும் காதுக்கு ஒரே 'அலே'.

மூன்றாவது, எதிர்மறை. 'நெ', 'பா' இரண்டும் துணைவினையைச் சுற்றித்தான் உட்காரும். எச்சத்துக்குப் பின்னால் 'பா' எழுதினால் தப்பு.

ஆக்சென்ட் விட்டால் உண்மையிலேயே மார்க் குறையுமா?

எழுத்துப்பிழையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். நம் புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். 'மேல்' என்பதில் புள்ளி விட்டால் 'மேல' ஆகிவிடுகிறதே, அது போலத்தான். 'ஏ' என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு ஆக்சென்ட் இல்லையென்றால் 'அவனிடம் உண்டு', இருந்தால் 'இடத்துக்கு'. எழுதும்போதே போடுங்கள், கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று விடாதீர்கள். வலப்பக்கம் ஏறுவது 'எகு', வலப்பக்கம் இறங்குவது 'க்ராவ்'. இரண்டுக்கும் பொதுவாக ஒரு படுக்கைக் கோடு போட்டு ஏமாற்ற முடியாது; திருத்துகிறவர் கண்ணுக்கு உடனே படும்.

போனில் மொழிபெயர்த்து வீட்டுப்பாடம் எழுதினால் என்ன?

ஒரு சொல்லின் பொருளும் பாலும் பார்க்க போன் நல்ல துணை. முழுப் பத்தியைப் போட்டு எடுப்பது வேண்டாம். பிள்ளை இன்னும் படிக்காத காலங்களும் சொற்களும் அதில் வந்துவிடும், 'நீ'யும் 'நீங்கள்'உம் கலந்து வரும். டீச்சருக்கு ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய நட்டம், தேர்வறையில் அந்தக் கடிதத்தை ஒரு வரிகூடத் திரும்ப எழுத முடியாது.

செய்ய வேண்டியது இது: தெரிந்த சொற்களை மட்டும் வைத்து 6 சிறிய வாக்கியம் எழுதுங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு வினைதான். 'நாளை மழை பெய்யாவிட்டால் குற்றாலம் போகலாம் என்று இருக்கிறேன்' என்பது கடினம். 'நாளை நான் குற்றாலம் போவேன். நண்பர்களோடு போவேன். அருவியில் குளிப்பேன்' என்றால் கையில் இருக்கும் சரக்கே போதும், முழு மார்க்கும் வரும்.

வீட்டுல யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. பிள்ளை படிக்கானா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

இங்கிலீஷ் எழுத்து தெரிந்தால் போதும். நோட்டை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு, 'முடி' வினையின் நிகழ்காலம் ஆறையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள், மேலே கோடு ஏதாவது இருந்தால் அது உட்பட. 4 நிமிட வேலை. ஆறில் ஐந்து சரியென்றால் பிள்ளை படிக்கிறது. பிழை இருந்தால் திட்ட வேண்டாம்; அந்த ஒன்றை மட்டும் மூன்று தடவை எழுதச் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் திரும்பக் கேளுங்கள்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அங்கே எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. அந்த 80இல் வாசித்துப் புரிதல் 10, எழுதுதல் 20, இலக்கணம் 30, பண்பாடும் நாகரிகமும் 20 என்று பிரிவு. இலக்கணத்துக்கு அடுத்து பண்பாட்டுப் பகுதியைத்தான் பிள்ளைகள் லேசாக விடுகிறார்கள். பாடத்திலுள்ள விவரங்களை முழு வாக்கியமாக எழுதிப் பழக வேண்டும். அந்தந்த ஆண்டின் மாதிரி வினாத்தாளை வாரியத்தின் தளத்தில் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எண்கள்?

69 வரை சிரமமில்லை. 70 என்பது 60உம் 10உம், 80 என்பது நாலு இருபது, 90 என்பது நாலு இருபதும் பத்தும். விசித்திரமாகத் தோன்றினால் நம் தொண்ணூற்றைப் பாருங்கள். ஒன்பது பத்து என்று சொல்லாமல் நூறை வைத்துத்தானே சொல்கிறோம். 80க்கு எழுத்தில் கடைசியில் எஸ் உண்டு, 81க்கு அந்த எஸ் போய்விடும். தினமும் பஸ் நம்பரையும் கடை விலையையும் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

மழை லீவில் விட்டது, அரையாண்டிலும் மார்க் இல்லை. பொதுத்தேர்வுக்கு 40 நாள். இனிமேல் முடியுமா?

முடியும், ஆனால் எல்லாவற்றையும் தொடாதீர்கள். முதல் 12 நாள் மேலே சொன்ன 12 வினை, நிகழ்காலம் மட்டும். அடுத்த 10 நாள் ஆர்ட்டிகிள், எதிர்மறை, உடைமைச் சொற்கள், 'பாஸே கொம்போஸே'. எதிர்மறைக்குப் பின் 'த்யு' ('நீ' அல்ல, 'கொஞ்சம்' என்ற பொருளில் வரும் ஆர்ட்டிகிள்), 'தெ லா' எல்லாம் 'தெ' ஆகிவிடும் என்ற ஒரு விதியை விடவே கூடாது. சோறு சாப்பிடுகிறேன் 'த்யு ரீ', சாப்பிடவில்லை என்றால் 'பா தெ ரீ'. அடுத்த 8 நாள் கடிதம், உரையாடல், பாடக் கேள்விகள். மீதி 10 நாளில் 5 பழைய வினாத்தாள், ஒன்று விட்டு ஒரு நாள், கடிகாரம் வைத்து. இடைப்பட்ட நாள் பிழைகளைத் திருத்துவதற்கு மட்டும்.

பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், சதா அழுகையாக இருந்தால் அன்றைக்குப் பாடத்தை மூடி வைத்துவிடுங்கள். கல்வித்துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான 14416, இரண்டையும் எந்தத் தயக்கமும் இல்லாமல் கூப்பிடலாம்.

தேர்வறையில் நேரத்தை எப்படிப் பிரிக்க?

முதல் 10 நிமிடம் வாசிக்கத் தருவார்கள். அதில் எழுதும் பகுதியில் எந்தக் கடிதத்தை எடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். இலக்கணத்தை முதலில் எழுதுவது நல்லது, மனம் தெளிவாக இருக்கும்போதே முடிந்துவிடும். பத்திக் கேள்வியில் 'வூ' என்று கேட்டிருந்தால் விடை 'ஜெ' என்று தொடங்க வேண்டும். கேள்வியின் வினையை அப்படியே நகல் எடுப்பதுதான் அங்கே நடக்கும் பெரிய பிழை.

கடைசி 20 நிமிடத்தை எதற்கும் கொடுக்காதீர்கள். மூன்று தடவை பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும். முதல் தடவை பெயர்ச்சொற்கள்: ஆர்ட்டிகிளும் பெயரடையும் ஒத்துப்போகிறதா? இரண்டாவது வினைகளின் வால். மூன்றாவது ஆக்சென்ட். மூன்றையும் ஒரே வாசிப்பில் தேடினால் கண் எதையும் பிடிக்காது.

மார்க் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவாக வந்தால்?

முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் கையில் வந்த பிறகுதான் மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவெடுக்க வேண்டும். நகலைப் பிரெஞ்சு டீச்சரிடம் கொடுத்து, கூட்டலையும் திருத்தாமல் விட்ட விடைகளையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்ப நாட்கள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் முடிவு வந்த அன்றே பள்ளியில் தேதி கேட்டுவிடுங்கள். தேர்ச்சி பெறாதவர்களுக்குத் துணைத் தேர்வு சீக்கிரமே வரும். 97 வடிவமும் ஒரு கடிதமும் ஓர் உரையாடலும் அந்த இடைவெளிக்குள் அடங்கும்.